செங்கோடக் கவுண்டரின் தள்ளு எஞ்சின்

நான் ஓய்வுபெற்ற கம்பெனியில் இப்போது டிசைன் பிரிவில் இருக்கும் பையன்கள் அவ்வப்போது என் வீட்டுக்கு வந்து காபி குடித்துப் புலம்பிவிட்டுப் போவார்கள். போன தடவை புலம்பல் புதிதாக இருந்தது. வடக்கே ஒரு கம்பெனி புதுவித மோட்டார் ஒன்றை இவர்களோடு சேர்ந்து செய்யலாம் என்கிறதாம். ஆனால் மோட்டாரின் வரைபடத்தைக் காட்டுவதற்கு முன்னால் அது யாருக்குச் சொந்தம், யார் விற்கலாம், யார் விற்கக் கூடாது என்று முடிவாக வேண்டுமாம். இரண்டு பக்கத்து வக்கீல்களும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மோட்டாரை இவர்கள் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இல்லீங்களே சார்" என்றான் ஒருவன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கொடுமுடி. பத்தாவது முடித்துக் கோயமுத்தூர் வந்து, இயந்திரப் படம் வரையும் படிப்பு படித்து, பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் மற்றவர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து மையால் நகலெடுக்கும் வேலை. வழவழப்பான அந்தத் துணியில் மை ஓடாமலிருக்க முதலில் சாக்பீஸ் பொடி தூவித் தேய்க்க வேண்டும். பிறகு கோடு கிழிக்கும் பேனாவின் இரண்டு அலகுகளுக்கு நடுவே மையைச் சொட்டாக விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். தும்மினால் போச்சு. வைகாசி மாதக் காற்றில் பீளமேட்டுப் பஞ்சாலைகளிலிருந்து பறந்து வரும் பஞ்சு பேனா நுனியில் ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டு வருஷத்தில் தும்மலை அடக்குவது எப்படி என்பதைத்தான் உருப்படியாகக் கற்றேன்.

தலைமை வரைவாளர் தேவசகாயம் சார் நாகர்கோவில் பக்கத்துக்காரர். வெயிலோ மழையோ முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டிருப்பார். அவர் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. படத்தில் தப்பு இருந்தால் தப்பு என்று சொல்லவும் மாட்டார். தன் அளவுகோலைத் தப்பு இருக்கும் இடத்தில் வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விடுவார். அந்த அளவுகோல் நம் பலகையில் கிடக்கும் வரை நமக்குச் சோறு இறங்காது.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, படத்தை வலது பக்கத்துக் கீழ்மூலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பொருளின் பெயர், யாருக்காக, வரைந்தவர், சரிபார்த்தவர் என்று கட்டம் போட்ட மூலை அது. "பெயர் இல்லாத பிள்ளைக்குச் சட்டை தைக்க முடியாது" என்பார். இன்னொன்று, இல்லாததை வரையக் கூடாது.

இரண்டாவது சட்டத்தை எங்கள் முதலாளியே ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டார். முதலாளி நாயுடு, வீட்டில் தெலுங்கும் கம்பெனியில் எங்கள் ஊர்த் தமிழும் பேசுவார். யோசனை வந்தால் காகிதம் தேட மாட்டார்; பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்துவிடுவார். அப்படி ஒரு பம்பின் உடம்பைத் தரையில் வரைந்துவிட்டு, "இதைய படமாப் போட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறிவிட்டார். நாங்கள் போவதற்குள் பாதியைக் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள். தேவசகாயம் சார் மண்டியிட்டு, டேப் பிடித்து, மிச்சமிருந்த பாதியைச் சுத்தமாக வரைந்து ஒப்புதலுக்கு அனுப்பினார். படத்தின் ஓரத்தில் "மீதி தரையில் இல்லை" என்று எழுதியிருந்தது. முதலாளி அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு தரையில் வரைந்தால் சுற்றிலும் நான்கு செங்கல் வைத்துவிட்டுத்தான் போவார்.

இப்படிப்பட்ட தேவசகாயம் சாரிடம்தான் செங்கோடக் கவுண்டர் வந்து சேர்ந்தார்.

ருஷ்யாக்காரர்கள் வானத்தில் உருண்டையைச் சுற்றவிட்டார்களே, அதற்கு அடுத்த வருஷம் அது. கவுண்டர் அன்னூருக்குப் பக்கத்தில் பருத்தி விவசாயம் செய்பவர். பஞ்சாயத்து ரேடியோவில் ராக்கெட் செய்தியைக் கேட்டதிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. அந்த நினைப்பைத் தூக்கிக்கொண்டு தன் மச்சான் நாச்சிமுத்துவோடு எங்கள் வரைவு அறைக்குள் நுழைந்தார். நாச்சிமுத்து, கவுண்டரின் மனைவிக்கு அண்ணன். காங்கயம் காளைகள் வளர்த்து விற்பவர்; ஆளும் கிட்டத்தட்ட அந்தச் சாடையில்தான் இருப்பார்.

"ஏனுங்க, படம் போடறது இங்கதானுங்களே?" என்று கேட்டபடி கவுண்டர் மஞ்சள் பையிலிருந்து ஒரு மர வண்டியை எடுத்தார். குழந்தைகள் இழுத்து விளையாடும் வண்டி. அதன் முதுகில் தேர்த்திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு பலூன் கட்டியிருந்தது. கவுண்டர் கன்னம் புடைக்க ஊதி, வாயை விரலால் அழுத்தி, தேவசகாயம் சாரின் மேசைமேல் வைத்துவிட்டார். வண்டி புர்ரென்று ஓடி, மசிக்கூட்டைத் தள்ளிவிட்டுச் சார் மடியில் விழுந்தது.

"பாத்தீங்களா? மாடு இல்லீங்க. எண்ணெய் இல்லீங்க. கரண்டு இல்லீங்க. பொறத்தால தள்ளுது, முன்னால ஓடுது. இதையப் பெருசாச் செஞ்சுபோட்டா பஸ்ஸு, லாரி, ஏரு, கப்பலு, எதுல வேணாலும் மாட்டிக்கலாமுங்க. தள்ளு எஞ்சினுங்க!"

"காற்றை ஊதியது நீங்கள்" என்றார் தேவசகாயம் சார், வேட்டியில் கொட்டிய மசியை ஒற்றிக்கொண்டே. "பஸ்ஸுக்கு யார் ஊதுவார்?"

கவுண்டர் குரலைத் தாழ்த்தினார். "அதுக்குத்தானுங்க நடுவுல ஒரு பொட்டி. அந்தப் பொட்டிதான் தள்ளும்."

"பெட்டிக்குள் என்ன?"

"அது ரகசியமுங்க. மொதல்ல எஞ்சின் ஆரு கையில இருக்கோணும்னு முடிவாகட்டும். பொறவு பொட்டியத் தொறக்கலாம்."

சார் அவரைப் பஸ் ஏற்றி அனுப்பியிருப்பார். அதற்குள் வண்டி ஓடிய சத்தத்தைக் கேட்டு முதலாளி எட்டிப் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை ஊதச் சொன்னார். மூன்றாவது தடவை தானே ஊதினார். எதிர்த்த கம்பெனிக்காரர் காதுக்கு இது போனால் என்ன ஆகும் என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. "படம் போடுங்க சார். மத்ததை அப்பறம் பாத்துக்கலாம்" என்று உத்தரவு போட்டார்.

சார் என்னைக் கூப்பிட்டார். "ஆறுமுகம், மூலையிலிருந்து தொடங்கு."

பொருளின் பெயர்: தள்ளு எஞ்சின். எழுதினேன். யாருக்காக?

"எம்பேரு போடுங்க" என்றார் கவுண்டர்.

நாச்சிமுத்து கனைத்தார். "மாப்பிள்ளை, ரோசனை எங்க மாட்டுக் கட்டுத்தரையில உக்காந்து பேசினதுங்களே. மொதல்ல மாட்டிப் பாக்கறதுக்கு எங்க வண்டியத்தான தாரேன்னு சொல்லியிருக்கறேன்."

"செய்யப் போறது எங்க பட்டறையிலீங்க" என்றார் முதலாளி, கதவருகிலிருந்து.

அந்தக் கட்டம் காலியாகவே நின்றது. ஒவ்வொரு சந்தை நாளும் கவுண்டரும் நாச்சிமுத்துவும் வருவார்கள். முதலாளி இறங்கி வருவார். மூவரும் என் பலகையைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு நடக்க நடக்க நான் மற்ற பாகங்களை வரைந்துகொண்டிருந்தேன். சக்கரம், அச்சு, பிரேக், கைப்பிடி எல்லாம் வந்துவிட்டன. நடுவில் நான்கு கோட்டில் ஒரு வெறும் பெட்டி.

எஞ்சினைப் பட்டாளத்துக்குக் கொடுக்கலாமா என்று ஒரு வாரம் பேசினார்கள். கவுண்டர் கூடவே கூடாது என்றார். "தள்ளறதுக்குத்தானுங்க செஞ்சது, கொல்றதுக்கு இல்லீங்க." கோயில் தேரில் மாட்டலாமா என்று ஒரு வாரம். தேர் தானாக ஓடினால் வடம் பிடிக்கிறவர்களுக்கு என்ன மரியாதை என்று நாச்சிமுத்து கேட்டார். மாட்டுவதில்லை என்று முடிவாயிற்று. மூவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான். வண்டி வேகம் மிஞ்சி மேலே கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்றும் கவலைப்பட்டார்கள். "மண்ணுல ஓடற வரைக்கும் நம்மளுது. வானத்துல போனா டில்லிக்காரன் கேப்பானுங்க" என்றார் நாச்சிமுத்து. பெட்டிக்கு நான் விட்டிருந்த அளவு ஓரடிக்கு ஓரடி. அதற்குள் டில்லி வரை போய்விட்டார்கள்.

எனக்கு அப்போது சின்ன வயது. கேட்டுக்கேட்டு நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன். சைக்கிளில் சிங்காநல்லூரிலிருந்த என் அறைக்குத் திரும்பும்போது ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் அந்தப் பெட்டியை மாட்டிப் பார்ப்பேன்.

ஒரு நாள் முதலாளி முடிவாகப் பேசினார். "நம்ம கம்பெனி கையிலயே இருக்கட்டுங்க. பத்திரமா வெச்சுப் பாத்துக்கறோம்."

கவுண்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாச் சொல்லுங்க மொதலாளி. இந்த எஞ்சின் வந்துபோட்டா உங்க மோட்டாரை ஆருங்க வாங்குவாங்க? கெணத்துமேட்டுல பொட்டியே தண்ணி எறச்சுப்போடுமே. நீங்க பத்திரமா வெக்கறதுன்னா பீரோவுலதான வெப்பீங்க?"

முதலாளியின் காது சிவந்துவிட்டது. அவருக்கு உள்ளூர அந்தப் பயம்தான். இரவில் தூக்கமில்லை என்று சாரிடம் சொல்லியிருக்கிறார்.

"அப்படிக் கேளுங்க மாப்பிள்ளை!" என்று நாச்சிமுத்து தொடையைத் தட்டினார். "அதுக்குத்தான் என்ற பேரைப் போடச் சொல்றேன்."

"உங்க பேரைப் போட்டா மச்சான், எஞ்சினையும் கட்டுத்தரையில கட்டி வைக்கோல் போட்டுருவீங்க. எஞ்சின் வந்தா உங்க காளைய ஆரு சீந்துவா? ஓடறதுக்கு வழி கேட்டா, நீங்க ரெண்டு பேரும் ஓடாம நிறுத்தறதுக்கு வழி பாக்கறீங்க!"

நாச்சிமுத்து எழுந்துவிட்டார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தையில உங்க புள்ளைக்குக் கண்ணாலமில்லீங்க மாப்பிள்ளை? தாய்மாமன் எடத்துல அந்தப் பொட்டியவே உக்கார வெச்சுக்குங்க. சீரும் அதுவே தள்ளிக்கிட்டு வரட்டும்."

போயே போய்விட்டார். கவுண்டர் நகரவில்லை. பலகையிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் வராத கல்யாணம் என்றால் ஊரில் தலை நிமிர்த்த முடியாது. அவருக்கு அது தெரியாமலில்லை. ஆனால் எஞ்சின் விஷயத்தில் இறங்கி வரவும் மனசில்லை. "ஒலகத்துக்கே ஆகற சாமானுங்க. நல்லவங்க கையில இருக்கோணுமில்லீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிளம்பினார்.

அதற்கப்புறம் சந்தை நாளில் யாரும் வரவில்லை. மார்கழி பிறந்த பிறகு ஒரு காலையில் கவுண்டரின் மனைவி பாவாயம்மாள் தனியாக வந்தார். பட்டறை முழுக்க ஆண்கள். அத்தனை பேரையும் கடந்து நேரே என் பலகைக்கு வந்து நின்றார்.

"அந்தப் பொட்டி எதுங்க தம்பி?"

காட்டினேன். நான்கு கோட்டையும் உற்றுப் பார்த்தார்.

"உள்ள என்னங்க இருக்குது?"

"தெரியலீங்கம்மா. ரகசியமுங்களாம்."

"உள்ள என்ன இருக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்கோசரம் எங்கண்ணன் எங்கூட்டு வாசல மிதிக்க மாட்டேங்கறாரு. இவரு போயிக் கூப்பிட மாட்டேங்கறாரு. புள்ளை அழுதுட்டு உக்காந்திருக்குது. இதைய அழிச்சுப்போட முடியுங்களா?"

முதலாளி வந்தால்கூட எழுந்திருக்காத தேவசகாயம் சார் அப்போது எழுந்து நின்றார். "அழிக்க முடியாது அம்மா. திறந்து பார்க்கலாம். மூடிய பொருள் எதுவானாலும் குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று ஒரு படம் போட்டே ஆக வேண்டும். அது இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் யார் கையில் என்று முடிவானால்தான் உங்கள் வீட்டுக்காரர் திறப்பார்."

"அவ்வளவுதானுங்களே?" என்றார் பாவாயம்மாள். "கோயில் உண்டியலுக்கு மூணு பூட்டுப் போட்டிருக்குது. சாவி மூணும் மூணு பேருகிட்ட. மூணு பேரும் வந்து நின்னாத்தான் தொறக்கும். இவங்களுக்கும் அப்பிடியே போட்டு உடுங்க. மூணு பேரும் சரின்னாத்தான் ஓடோணும். ஒருத்தரு வேண்டாம்னாலும் நிக்கோணும்."

இத்தனை மாதமாக மூன்று பெரிய மனிதர்களுக்கு இது தோன்றவில்லை. சார் முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி காரை அனுப்பிக் கவுண்டரையும் நாச்சிமுத்துவையும் அழைத்து வந்தார். வரும் வழியில் ஒருவர் முன் சீட்டிலும் ஒருவர் பின் சீட்டிலும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று டிரைவர் சொன்னார். ஆனால் மூன்று பூட்டு என்றதும் மூவர் முகமும் தெளிந்துவிட்டது. எனக்கு அப்போதே ஒன்று பட்டது: ஓட்டுகிற உரிமையைவிட நிறுத்துகிற உரிமை கிடைத்ததில்தான் முதலாளிக்கும் நாச்சிமுத்துவுக்கும் நிம்மதி. கவுண்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "மூணு பேருக்கும் ஒரே நாள்ல புத்தி கெட்டுப்போகாதுங்களே. சரிங்க" என்றார்.

பெட்டியின் முகத்தில் மூன்று சாவித் துவாரம் வரைந்தேன். காலியாயிருந்த கட்டத்தில் மூன்று பெயர்களையும் எழுதினேன். எழுத்து சின்னதாகத்தான் போட முடிந்தது.

"இனி உள்ளே" என்றார் தேவசகாயம் சார்.

புது டிரேசிங் துணியை விரித்தேன். பொடி தூவித் தேய்த்தேன். பேனாவில் மை விட்டேன். பாவாயம்மாளும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கள் கவுண்டரே. உள்ளே என்ன?"

கவுண்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது.

"அதைய நீங்கதானுங்களே போடோணும்?"

என் பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை துணியில் விழுந்தது.

"தள்ளோணும்கற ரோசனை என்னுதுங்க" என்றார் கவுண்டர். குரல் மெதுவாக இறங்கிக்கொண்டே போயிற்று. "உள்ள என்ன வெச்சாத் தள்ளும்கறது இஞ்சினீருங்க படிச்ச படிப்பில்லீங்களா? ராக்கெட்டே உட்டுப்போட்டாங்க. இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுப்போட்டேன். உங்ககிட்ட இருந்து காப்பாத்தறதுக்குத்தான் ரகசியம்னு சொன்னது. ஆரு கையிலன்னு முடிவாகாம நீங்க கண்டுபுடிச்சுப்போட்டா வம்பாப் போயிருமில்லீங்க?"

முதலாளி வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்துப் பலகைகளிலிருந்தும் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. கவுண்டர் நின்ற இடத்திலேயே சிறுத்துப்போனார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். மறுபடி மடிக்கத் தோன்றாமல் நின்றார்.

அப்போதுதான் நாச்சிமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளைமேல் பாயப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்னங்க சிரிப்பு? இத்தனை பேரு படிச்சுப்போட்டு உக்காந்திருக்கறீங்க. பொட்டிக்குள்ள போடறதுக்கு ஒண்ணு தெரியல. என்ற மாப்பிள்ளை பொட்டி வரைக்கும் வந்துட்டாரு. நீங்க எதுவரைக்கும் வந்தீங்க?"

சிரிப்பு நின்றது. நாச்சிமுத்து கவுண்டரின் கையைப் பிடித்தார். "வாங்க மாப்பிள்ளை. கண்ணாலத்துக்குப் பந்தக்கால் நடோணும். எஞ்சினு எங்கீங்க போயிருது?"

பாவாயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளி அவர்களை விடவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் அந்த வருஷத்தில் பார்த்ததில்லை. பம்பு பிழைத்துவிட்டதல்லவா.

அவர்கள் போன பிறகு தேவசகாயம் சார் என் பலகைக்கு வந்தார். அளவுகோலை எங்கே வைக்கப்போகிறார் என்று பார்த்தேன், கொண்டு வரவில்லை. படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "உள்பாகம் பின்னர்" என்று ஓரத்தில் எழுதி, சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முடியாத படத்தில் அவர் கையெழுத்துப் போட்டதை அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை.

தை மாதம் கல்யாணத்துக்கு முதலாளி, சார், நான் மூவரும் போனோம். நாச்சிமுத்து காங்கயம் காளைகள் பூட்டிய வண்டிகளில் சீர் கொண்டு வந்து இறக்கினார். ஊரே வந்து பார்த்தது சீரையா காளையையா என்று சொல்ல முடியாது. பந்தியில் கவுண்டர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இலை இலையாக விசாரித்து வந்தார். எங்கள் முன்னால் வந்ததும் சாருக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணு ரோசனை பண்ணிப் பாத்தனுங்க சார். ஒலகத்துல எல்லாரும் மொதல்ல எஞ்சினைச் செஞ்சுபோடறாங்க. பொறவு ஆரு கையில இருக்கோணும்னு அடிச்சுக்கறாங்க. நாம அந்தச் சண்டைய முடிச்சுப்போட்டமுங்க. இனி எஞ்சினு ஒண்ணுதான் பாக்கி."

முதலாளிக்குப் புரையேறியது. எனக்கும் சிரிப்பு முட்டியது. சார் மட்டும் சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார்.

"கவுண்டரே, நீங்கள் முடித்ததுதான் கஷ்டமான பாதி" என்றார்.

கவுண்டர் துள்ளி எழுந்து, பந்தியின் கடைசியில் நின்றவரைப் பார்த்துக் கத்தினார்:

"ஏனுங்க! இந்த சாருக்கு இன்னொரு கரண்டி பாயாசம் ஊத்துங்க. பாதி எஞ்சினு முடிஞ்சுபோச்சுன்னு சொல்றாரு!"